அலமூத் கோட்டையிலிருந்து மைல் எண்ட் ஆலைக்கு

கனடாவின் மாண்ட்ரியல் நகரில், செயின்ட் லாரன்ட் நெடுஞ்சாலையில், மைல் எண்ட் என்னும் பழைய பேட்டையில் பெரிய செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெக் என்ற ஆயத்த ஆடை நிறுவனத்துக்காக எழுப்பியது. வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் துணி வெட்டியும் தைத்தும் வயிறு கழுவிய வட்டாரம் அது. நாவலாசிரியர் மோர்டெக்காய் ரிச்லர் வளர்ந்து, பின்னாளில் தன் கதைகளுக்குக் களமாக்கிக்கொண்ட செயின்ட் அர்பெயின் தெரு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆடைத் தொழில் நசிந்து தையல் இயந்திரங்கள் ஓய்ந்த பிறகு, 1997ஆம் ஆண்டு அந்தக் கட்டடத்துக்குள் கணிப்பொறிகள் வந்து இறங்கின. யூபிசாஃப்ட் மாண்ட்ரியல் ஸ்டுடியோ பிறந்தது அப்படித்தான்.

நூலகத்தின் விழா மலரில் வீடியோ கேம் செய்யும் நிறுவனத்தின் வரலாறு இடம்பெறலாமா என்று மலர்க் குழுவில் கேட்டவர்கள் உண்டு. கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று வாதாடியவன் நான். இந்த ஸ்டுடியோவுக்குப் பெயரும் பொருளும் தேடித் தந்த அல்தாயிர் என்ற வெள்ளை அங்கி வீரன் ஒரு புத்தக அலமாரியிலிருந்து இறங்கி வந்தவன் என்று நம்புகிறேன். நிறுவனங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலீட்டையும் விற்பனையையும் எழுதுகிறார்கள். அங்கே வேலை செய்தவர்கள் என்ன படித்தார்கள் என்பதை எழுதுவதில்லை. இந்தக் கட்டுரையில் அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் குடும்பக் கதை. பிரான்சின் பிரித்தானி வட்டாரத்தில் காரென்ட்வார் என்று ஓர் ஊர். கிய்மோ குடும்பம் அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு வேண்டிய பொருள்களை விற்றுவந்தது. ஐந்து பிள்ளைகள்: கிறிஸ்தியன், குளோத், ஜெரார், மிஷெல், ஈவ். கணிப்பொறியும் அதற்கான மென்பொருளும் பிரான்சைவிடப் பிரிட்டனில் மலிவாகக் கிடைப்பதைக் கவனித்த சகோதரர்கள், அவற்றை வரவழைத்துத் தபால் வழியே விற்கத் தொடங்கினார்கள். விற்றுப் பழகிய கை செய்யவும் துணிந்தது. 1986 மார்ச்சில் யூபிசாஃப்ட் உருவானது. 1995இல் மிஷெல் ஆன்செல் உருவாக்கிய, கை கால் இல்லாமல் உள்ளங்கையும் பாதமும் மட்டும் மிதந்து திரியும் ரேமேன், அந்த நிறுவனத்தை உலகம் அறியச் செய்தான்.

மாண்ட்ரியலுக்கு அவர்கள் போனதில் கியூபெக் அரசியலுக்குப் பங்கு உண்டு. வேலையில்லாத் திண்டாட்டத்தால் தவித்த மாகாணத்துக்குப் புதுத் தொழில் வேண்டியிருந்தது. சில்வேன் வோஜ்வா என்பவர் ஒரு திட்டத்தோடு யூபிசாஃப்டை அணுகினார். மாகாண அரசு ஒப்புக்கொள்வதற்கு முன்பே அவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பது அந்த ஊரில் பலரும் சொல்லும் கதை. கடைசியில் மாகாண அரசும் மைய அரசும் சேர்ந்து ஒரு வேலைக்கு 25,000 கனடிய டாலர் வரை மானியம் தர, நிறுவனம் 500 பேருக்கு வேலை தருவதாக உறுதி சொன்னது. ஏறக்குறைய 50 பேரோடு ஆலையின் கதவு திறந்தது. பாதிப்பேர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். மீதிப்பேர் உள்ளூரில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள். பிரெஞ்சு பேசும் கூடம் அது. இந்த விவரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் தேவைப்படும்.

முதல் சில ஆண்டுகளில் அங்கிருந்து வந்த விளையாட்டுகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. 2002இல் 'ஸ்பிளின்டர் செல்' வந்தபோதுதான் நிலை மாறியது. அதன் அட்டையில் டாம் கிளான்சி என்ற நாவலாசிரியரின் பெயர் இருந்தது. கதையை அவர் எழுதவில்லை. அவர் தொடங்கிய ரெட் ஸ்டார்ம் நிறுவனத்தை யூபிசாஃப்ட் 2000இல் வாங்கியபோது பெயரும் கூடவே வந்தது. அடுத்த ஆண்டு வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' இன்னும் ஒரு படி மேலே போனது.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் 1989இல் ஆப்பிள் கணிப்பொறிக்காக, தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அந்த அசைவுகளை ஒவ்வொன்றாகத் திரையில் வரைந்து 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை ஆக்கினார். அதைப் புதுப்பிக்க மாண்ட்ரியல் குழுவினர் முனைந்தபோது மெக்னரே வந்து கதை எழுதினார். கதை சொல்லும் முறைக்கு அவர் போன இடம் 'ஆயிரத்தொரு இரவுகள்'. இளவரசன் தன் கதையை ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்; நாம் விளையாடுவது அவன் சொல்லும் கதையைத்தான். நம் கைத்தவறால் அவன் பள்ளத்தில் விழுந்து செத்தால், இல்லை இல்லை, நடந்தது அப்படி அல்ல என்று கதைசொல்லியின் குரல் திருத்துகிறது. விளையாட்டில் தோற்பதைக் கதையில் நேர்ந்த சிறு பிசகாக மாற்றியது ஷெஹர்ஸாதின் உத்தி. உயிர் பிழைக்கக் கதை சொன்னவள் அவள். இங்கே கதை சொல்வதாலேயே உயிர் பிழைக்கிறான் இளவரசன். இந்த ஸ்டுடியோ இலக்கியத்தை மெய்யாகவே படித்துச் செரித்த முதல் இடம் இது என்பது என் கணிப்பு.

அந்த விளையாட்டை இயக்கியவர் பத்ரீஸ் தெஸிலே. அடுத்த இளவரசன் விளையாட்டைச் செய்ய 2004இல் உட்கார்ந்தவருக்கு ஒரு சிக்கல். இளவரசன் என்பவன் யார்? அரசன் எப்போது சாவான் என்று காத்திருப்பவன். காத்திருப்பவனை வைத்துக்கொண்டு என்ன விளையாடுவது என்று அவருக்குத் தோன்றியது. கல்லூரி நாளில் வாங்கி வைத்திருந்த, ரகசியச் சங்கங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். அதில் முதலில் இருந்தது அசாசின்களின் கதை. இளவரசனைக் காப்பதற்கு ஓர் அசாசினைக் கொண்டுவந்து, அந்த அசாசினை நம் கையில் கொடுத்தால் என்ன? 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: அசாசின்' என்று வேலைக்குப் பெயர் வைத்தார்கள். இளவரசனை ஆட்ட முடியாத இளவரசன் விளையாட்டா என்று தலைமையகம் கேட்டது. கேள்வி நியாயமானதுதான். இளவரசனை இறக்கிவிட்டார்கள். காவலனே கதாநாயகன் ஆனான்; அவன்தான் அல்தாயிர். 2006இல் 'அசாசின்ஸ் கிரீட்' என்ற பெயரோடு விளையாட்டை அறிவித்தபோது, தயாரிப்பாளர் ஜேட் ரேமண்டும் கதையாசிரியர் கோரி மேயும் ஒரு பெரிய படையும் அதில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 2007 நவம்பரில் அது வெளிவந்தது.

யார் இந்த அசாசின்கள்? ஈரானின் எல்புர்ஸ் மலைத்தொடரில், கஸ்வின் நகருக்கு அப்பால், பாறை உச்சியில் அலமூத் கோட்டை. 1090இல் ஹசன் சபா அதைக் கைப்பற்றினார். நிஸாரி இஸ்மாயிலிகள் என்ற ஷியா பிரிவின் தலைவர், கல்வியாளர், தன் பிள்ளைகளுக்கும் சட்டத்தில் விலக்குத் தராத கண்டிப்புக்காரர். செல்ஜுக் பேரரசின் பெரும்படையை எதிர்க்க அவரிடம் படை இல்லை. ஆகவே ஒற்றை ஆளும் ஒற்றைக் குத்துவாளும். 1092இல் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கை சூஃபித் துறவி வேடத்தில் வந்த ஒருவன் குத்திக் கொன்றான். நூறாண்டுக்குப் பிறகு சிரியாவின் மஸ்யாஃப் கோட்டையிலிருந்து ரஷீதுத்தீன் சினான் இதே பிரிவினரை வழிநடத்தினார். 1192 ஏப்ரலில் டயர் நகரத் தெருவில் சிலுவைப்போர்த் தலைவன் கான்ராடைக் கொன்ற இருவரும் கிறிஸ்தவத் துறவிகளின் வேடத்தில் இருந்தவர்கள். வெள்ளை அங்கித் துறவிகளின் கூட்டத்தில் தலைகுனிந்து கலந்து காவலரைக் கடந்துபோகிறானே அல்தாயிர், அந்த நடை இங்கிருந்து வந்தது.

இவ்வளவும் வரலாறு. இதன்மேல் கற்பனை ஏறியது பிற்பாடு. 1298 வாக்கில் ஜெனோவாச் சிறையில் இருந்த மார்க்கோ போலோ, உடன் இருந்த ருஸ்திகெல்லோவிடம் தன் பயணங்களைச் சொல்லி எழுத வைத்தார். மலையின் கிழவர் என்று ஒருவர், அவர் கோட்டைக்குள் ஒரு ரகசியத் தோட்டம், மயக்க மருந்து கொடுத்து அங்கே கொண்டுபோகப்படும் இளைஞர்கள், கண் விழித்தால் பாலும் தேனும் ஓடும் வாய்க்கால்கள், ஆடிப் பாடும் கன்னியர். சொர்க்கத்துக்கே போய்வந்ததாக நம்பி, திரும்பவும் அங்கே போக எதையும் செய்யத் துணிவார்களாம். போலோ அந்தப் பக்கம் போனது 1270களில். மங்கோலியர் அலமூத்தை அழித்ததோ 1256இல். கண்ணால் கண்டதை அவர் சொல்லவில்லை, காதில் விழுந்ததைச் சொன்னார். ஆனாலும் ஐரோப்பா அதை எழுநூறு ஆண்டு மறக்கவில்லை.

1927 வாக்கில் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த ஒரு ஸ்லோவேனிய இளைஞரின் காதில் இந்தக் கதையைப் போட்டவர் யோசிப் வித்மார் என்ற விமர்சகர். கேட்டவர் விளாடிமிர் பார்டோல். 1903இல் திரியெஸ்தே நகரை ஒட்டிய ஊரில் பிறந்தவர். தந்தை அஞ்சல் துறை ஊழியர். தாய் மரிகா நாட்லிஷெக் எழுத்தாளர், 'ஸ்லோவென்கா' என்ற பெண்கள் இதழின் ஆசிரியர். முதல் உலகப் போருக்குப் பிறகு அவர்களுடைய ஊர் இத்தாலியின் கைக்குப் போனது. 1920இல் திரியெஸ்தேயில் ஸ்லோவேனியர்களின் பண்பாட்டு மாளிகையைப் பாசிசக் கும்பல் கொளுத்தியது. பிறந்த மண்ணில் தாய்மொழிக்கே இடமில்லாமல் போனதைக் கண்ட தலைமுறை அது. பார்டோல் பத்தாண்டு குறிப்பெடுத்தார். காம்னிக் என்ற சிற்றூரில் உட்கார்ந்து எழுதி, 1938இல் 'அலமூத்' நாவலை வெளியிட்டார். வடக்கே எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிய அதே ஆண்டு. நாவலை முசோலினிக்குக் காணிக்கையாக்குவதாக எழுதிக் கொடுத்தாராம்; பதிப்பாளர் மறுத்துவிட்டார். சரி, பெயர் வேண்டாம், ஒரு சர்வாதிகாரிக்கு என்று மட்டும் போடுங்கள் என்றார். அதற்கும் பதிப்பாளருக்குத் துணிவு வரவில்லை. இளைஞர்களின் நம்பிக்கையைக் கருவியாக்கும் தலைவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைத்தான் 11ஆம் நூற்றாண்டு ஈரானை வைத்து அவர் எழுதியிருந்தார்.

அவர் காலத்தில் அந்த நாவலுக்குப் பெரிய பேர் கிடைக்கவில்லை. 1967இல் லியூப்லியானாவில் இறந்துபோனார். 1988இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆங்கிலத்தில் 2004இல் வந்தது. 1988லிருந்தே பிரெஞ்சு வாசகர் கையில் இருந்த நாவல். பிரெஞ்சு பேசும் ஒரு ஸ்டுடியோ. வேலை தொடங்கிய அதே 2004இல் ஆங்கிலப் பதிப்பு. விளையாட்டின் கதைக்கு 'அலமூத்' தூண்டுதலாக இருந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். நான் அதை நம்பத் தொடங்கியது பிறர் சொல்லி அல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணால் கண்டு.

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் விளையாட, நான் பின்னால் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு மலைக்கோட்டை. கீழே எதிரிப்படை முற்றுகையிட்டு நிற்கிறது. கோட்டைக்குள்ளிருந்து வெள்ளைத் தாடிக் கிழவர் எதிரித் தலைவனைப் பார்த்துப் பேசுகிறார், என் ஆட்கள் சாவுக்கு அஞ்சாதவர்கள் என்கிற பொருளில். கையசைக்கிறார். மேலே மரச்சட்டங்களின் முனையில் நின்ற மூன்று இளைஞர்கள் ஒரே நேரத்தில் பள்ளத்தில் பாய்கிறார்கள். எதிரி திகைக்கிறான்.

"இதை நான் படித்திருக்கிறேன்டா" என்றேன்.

"மாமா, இது கேம். புக் இல்லை" என்றான் அவன்.

அலமாரியிலிருந்து 'அலமூத்'தை எடுத்துவந்து அவனுக்கு அந்த இடத்தைச் சொன்னேன். நாவலிலும் அதே காட்சி. சுல்தானின் படை அலமூத்தைச் சூழ்ந்து நிற்கிறது. தூதர்கள் கோட்டைக்குள் வருகிறார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஹசன் இரண்டு இளைஞர்களுக்கு ஆணையிடுகிறார். சுலைமான் தன் மார்பில் குத்துவாளைப் பாய்ச்சிக்கொள்கிறான். யூசுஃப் கோபுரத்தின் உச்சிக்கு ஓடிப்போய்க் கீழே குதிக்கிறான். சொர்க்கத்துக்குத் திரும்பிப் போவதாக நம்பிக் குதிக்கிறான். தூதர்கள் வெலவெலத்துப் போகிறார்கள். அந்த அத்தியாயத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் காட்சிக்கும் ஒரு மூதாதை உண்டு. 1194இல் சாம்பேன் நாட்டு ஹென்றி என்ற சிலுவைப்போர்ப் பிரபு சிரிய அசாசின்களின் கோட்டைக்கு விருந்தாளியாகப் போனபோது, தலைவரின் ஒரு சைகையில் இரண்டு பேர் கோபுரத்திலிருந்து குதித்து மாண்டதாக இடைக்காலப் பிரெஞ்சு வரலாற்று நூல்களில் ஒரு கதை இருக்கிறது. கட்டுக்கதையாகத்தான் இருக்க வேண்டும். கட்டுக்கதையை எடுத்து நாவலாசிரியர் ஒரு காட்சியாக்கினார். நாவலின் காட்சியை எடுத்து ஸ்டுடியோ ஒரு விளையாட்டாக்கியது. அப்படி ஆக்கும்போது ஒரே ஒரு பொருளைச் சேர்த்தார்கள்: கீழே வைக்கோல். அல்தாயிர் வைக்கோலில் விழுந்து எழுந்துவிடுகிறான். கூடக் குதித்தவர்களில் ஒருவனுக்கு மட்டும் கால் முறிகிறது. பார்டோலின் யூசுஃபுக்கு வைக்கோல் இல்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் 'லீப் ஆஃப் ஃபெயித்' என்று கொண்டாடும் அந்தப் பாய்ச்சலுக்கு அடியில் ஓர் இளைஞனின் உடல் கிடக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அக்கா மகனிடம் சொன்னேன். கையில் இருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

பாய்ச்சல் ஒன்றை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. கதையின் எலும்புக்கூட்டையே எடுத்துப் பார்ப்போம். நாவலின் நாயகன் இப்னு தாஹிர் கவிதை எழுதும் பிள்ளை. குருவை முழுமையாக நம்புகிறவன். குரு அவனை நிஜாமுல் முல்க்கைக் கொல்ல அனுப்புகிறார். குத்துப்பட்டு உயிர் பிரியும் நேரத்தில் அந்த அமைச்சர்தான் அவனுக்கு உண்மையைச் சொல்கிறார்: நீ கண்டது சொர்க்கம் அல்ல, உன் குரு உன்னை ஏய்த்துவிட்டார். குருவைக் கொல்லும் வெறியோடு அவன் திரும்பி வருகிறான். விளையாட்டில் அல்தாயிரை அவன் குரு அல் முஆலிம் ஒன்பது பேரைக் கொல்ல அனுப்புகிறார். ஒன்பதாமவனும், டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர் வீரர் சங்கத்தின் தலைவனுமான ராபர்ட் டி சாப்லே சாகும்போது சொல்வது என்ன? நீ தேடும் சதிகாரர்களில் பத்தாமவன் உன் குருதான். அல்தாயிர் மஸ்யாஃபுக்குத் திரும்புகிறான். இரண்டிலும் எதிரி, இரண்டிலும் சாவின் விளிம்பு, இரண்டிலும் குருவின் துரோகம். தற்செயலாக இத்தனை பொருந்துமா?

குருவோடு கடைசிச் சண்டை எங்கே நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோட்டைக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில். அலமூத்தின் கோட்டைக்குப் பின்னாலும் பார்டோல் அப்படித்தான் தோட்டத்தை வைத்தார்; ஹலீமா, மிரியம் போன்ற பெண்கள் அடைபட்டுக் கிடந்த தோட்டம். விளையாட்டில் மயக்க மருந்துக்குப் பதிலாக ஒரு பொற்கோளம் வருகிறது. அதைக் கையில் வைத்திருப்பவர் கூட்டத்தின் கண்ணுக்கு இல்லாததை இருப்பதாகக் காட்டலாம். மருந்தும் தோட்டமும் கன்னியரும் சேர்ந்து நாவலில் செய்த வேலையை விளையாட்டில் அந்தக் கோளம் ஒன்றே செய்கிறது.

முடிவில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. பார்டோலின் ஹசன், தன்னைக் கொல்ல வந்தவனிடம் தன் மனத்தைத் திறந்து காட்டி, போய் உலகைக் கற்றுக்கொள் என்று அவனை வெளியே அனுப்பிவிடுகிறார். அல்தாயிர் குருவைக் கொன்று அந்த இடத்தில் தானே அமர்கிறான். விளையாட்டு என்றால் கடைசியில் ஒரு வெற்றி இருந்தாக வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் நாவலின் முடிவுதான் உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையில் வாளோடு வந்தவன் கேள்வியோடு திரும்பிப் போகிறான்.

பெயரைப் பாருங்கள். அல்தாயிர் என்ற அரபுச் சொல்லுக்குப் பறப்பவன் என்று பொருள். கழுகு விண்மீன் கூட்டத்தின் ஒளிமிக்க மீனுக்கும் அதே பெயர். அலமூத் என்ற பெயருக்கும் கழுகு காட்டிக்கொடுத்த இடம் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. அவன் தலைமறைப்பின் முனை கழுகின் அலகாக வளைந்திருப்பது இதோடு பொருந்துகிறது. 'இப்னு லா அஹத்' என்பது அவன் பெயரின் மறுபாதி. யாருடைய மகனும் அல்லாதவன். தாஹிரின் வழிவந்தவன் என்று பாட்டனின் பெயரைச் சுமந்து பழிதீர்க்க வந்தவன் நாவலின் நாயகன். அவனுக்கு நேர் எதிராக இந்தப் பெயரைச் சூட்டினார்களோ என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு.

அசாசின்களின் தாரக வாசகமாக விளையாட்டில் வருவதும் நாவலில் இருப்பதே. உறுதியான உண்மை என்று ஒன்று கிடையாது, ஆகவே தடை என்றும் ஒன்று கிடையாது என்கிற கருத்து. நீட்சே 1887இல் எழுதிய நூலில் அதை அசாசின்களுடையதாகவே குறிப்பிட்டிருந்தார். பார்டோலுக்கு நீட்சேயை அறிமுகம் செய்தவர் கிளெமென்ட் யுக் என்ற நண்பர். மலையேறும்போது 1924இல் இறந்துபோனவர். நாவலில் அது ஒரு தலைவன் தனக்கு எல்லாமே ஆகும் என்று எடுத்துக்கொண்ட கொடிய உரிமை. விளையாட்டின் பிற்காலப் பாகங்கள் அதற்கு வேறு பொருள் தந்தன: சமூகத்தின் அடித்தளம் உறுதியற்றது, ஆகவே அதை நாம்தான் பேண வேண்டும், செய்வதன் விளைவுக்கும் நாமே பொறுப்பு. இது நல்ல திருத்தம். நாவலுக்கு ஸ்டுடியோ திருப்பிக் கொடுத்தது என்று ஒன்றைச் சொல்லலாம் என்றால் இதைச் சொல்வேன்.

வேறு புத்தகங்களும் அந்த அலமாரியில் இருந்திருக்கலாம். முன்னோரின் நினைவுகள் பேரனின் உடம்புக்குள் உறங்குகின்றன, இயந்திரத்தால் அவற்றை எழுப்பலாம் என்ற எண்ணம் இந்த விளையாட்டின் வெளிச்சட்டகம். முன்னோர் நினைவு விழித்துக்கொள்வதை 1965இல் ஃபிராங்க் ஹெர்பர்ட் 'டியூன்' நாவலில் எழுதியிருக்கிறார். டெம்ப்ளர்களின் முடிவில்லாச் சதி என்றால் உம்பர்த்தோ எக்கோவின் 1988ஆம் ஆண்டு நாவல் 'ஃபூக்கோவின் ஊசல்' நினைவுக்கு வருகிறது. இவை என் ஊகங்கள். 'அலமூத்'தைச் சொல்கிற உறுதியோடு இவற்றைச் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். மயக்க மருந்து, தோட்டம், கன்னியர் என்ற கதை நிஸாரி இஸ்மாயிலிகளைப் பற்றி அவர்களுடைய எதிரிகளும் வெளியாரும் பரப்பியது. அசாசின் என்ற சொல்லே இழித்துரைக்கப் பிறந்த சொல். ஃபர்ஹாத் தஃப்தரி 1994இல் எழுதிய நூலில் இந்தக் கட்டுக்கதைகள் எப்படிப் படிப்படியாக வளர்ந்தன என்பதை விளக்கியிருக்கிறார். அந்த மரபில் வந்த மக்கள் இன்றும் ஆகா கான் தலைமையில் பல நாடுகளில் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தி அமைதியாக வாழ்கிறார்கள். 1840களில் முதலாம் ஆகா கான் குடியேறியது நம் பம்பாயில்தான். பார்டோல் எழுதியது அவருடைய ஐரோப்பாவைப் பற்றி. அதை இஸ்மாயிலிகளின் வரலாறாகப் படிப்பது தவறு. பல சமயத்தவரும் பல நம்பிக்கையினரும் சேர்ந்து செய்த படைப்பு இது என்று விளையாட்டு தொடங்கும்போதே ஓர் அறிவிப்பு வருகிறது. அந்த அக்கறையை மதிக்கிறேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009இல் இத்தாலிய நாயகன் எத்ஸியோ வந்தான். இந்த வரிசை விளையாட்டுகள் 2022க்குள் மொத்தம் 20 கோடிப் படிகள் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. 50 பேரோடு தொடங்கிய ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிலை வந்தது. தெஸிலே 2010இல் விலகிப் போய், பின்னர் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ தொடங்கினார். விதைத்தவர் போனாலும் விதை நின்றது.

2011இல் வந்த 'ரெவலேஷன்ஸ்' பாகத்தில் ஒரு காட்சி. முதுமை எய்திய எத்ஸியோ, மஸ்யாஃப் கோட்டைக்கு அடியில் அல்தாயிர் பூட்டி வைத்த நூலகத்தைத் தேடி வருகிறான். ஐந்து சாவிகளைச் சேர்த்துக் கதவைத் திறக்கிறான். உள்ளே அலமாரிகள் வெறுமையாக இருக்கின்றன. நாற்காலியில் அல்தாயிரின் எலும்புக்கூடு மட்டும். புத்தகங்களை மார்க்கோ போலோவின் தந்தை நிக்கோலோவிடம் கொடுத்து முன்பே வெளியே அனுப்பிவிட்டான் அவன். கதைப்படி அது 1257. மெய்யான வரலாற்றில் அதற்கு முந்தைய ஆண்டு, 1256இல், அலமூத் மங்கோலியரிடம் சரணடைந்தது. புகழ்பெற்ற அதன் நூலகத்துக்குள் ஜுவைனி என்ற வரலாற்றாசிரியர் நுழைந்தார். திருக்குர்ஆன் படிகளையும் வானியல் கருவிகளையும் வேறு சில நூல்களையும் ஒதுக்கி எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தீயிட்டார். ஹசன் சபாவின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அப்படி எரிப்பதற்கு முன் அவர் படித்துக் குறித்துக்கொண்டதுதான். எரிந்துபோன நூலகத்தைக் கற்பனையிலாவது காலி செய்து காப்பாற்ற வேண்டும் என்று மாண்ட்ரியலில் யாரோ ஒருவர் எண்ணியிருக்கிறார். அந்த எண்ணத்துக்காகவே அந்த ஸ்டுடியோவை நம் நூலகத்தின் உறவாக நினைக்கிறேன்.

இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கும் மாமன்மாருக்கும் அத்தைமாருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பிள்ளை அந்தக் கோபுர உச்சியில் அல்தாயிரை ஏற்றி நிறுத்தியிருக்கும்போது அதட்டி அணைக்கச் சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வைக்கோல் இல்லாமல் குதித்த யூசுஃபின் கதையைச் சொல்லுங்கள். பிறகு அவனை நூலகத்துக்கு அழைத்து வாருங்கள். என்னிடம் இருக்கும் 'அலமூத்' படியை இந்த விழா நாளில் நூலகத்துக்கே கொடுத்துவிட்டேன்.